மாமாவுக்கு ஒரு துருப்பிடித்த விண்ணப்பம்

ஆங்கிள்சி தீவு, வேல்ஸ்
பிப்ரவரி மாதம், விடாத மழை

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் ஜீப்பும் நலந்தானா?

போனில் பேசி முடிக்க வேண்டியதை எதற்காக இவன் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறான் என்று கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்பீர்கள். போனில் பேசினால் பாதியில் அத்தை வாங்கி, "சாப்டியா, அங்க என்ன மழையா பனியா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நீங்களும் இரண்டாவது நிமிஷத்தில் "சரி மாப்ளே, வைக்கட்டா" என்பீர்கள். இது அப்படி முடிகிற சமாச்சாரம் இல்லை. ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா, வேண்டாமா? உங்கள் வாயால் பதில் வர வேண்டும்.

வண்டி, லேண்ட் ரோவர். சீரீஸ் மூன்று, 1978 மாடல். 88 இன்ச் வீல்பேஸ், அதாவது குட்டை வண்டி. 2286 சிசி பெட்ரோல் என்ஜின். நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங், நாலுக்கும் டிரம் பிரேக். கியர் குச்சிக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புக் குமிழ் ஒன்றும் உண்டு. மஞ்சளை அமுக்கினால் ஃபோர் வீல் விழும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் லோ. செல்ஃப் படுத்துக்கொண்டால் முன் பம்பரில் இருக்கும் ஓட்டையில் ஹேண்டிலை விட்டுச் சுற்றி எழுப்பலாம். பின்னால் தார்ப்பாய். விலை 2,800 பவுண்டு. நம்ம காசுக்கு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. இங்கே ஒரு நல்ல பேட்டரி சைக்கிள் வாங்கப் போனாலே அந்த விலை சொல்கிறார்கள்.

இவ்வளவு சல்லிசாக ஏன் தருகிறான் என்று உங்கள் புருவம் ஏறுவது இங்கிருந்தே தெரிகிறது. துரு, மாமா. அதற்குத்தான் வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். உங்கள் ஜீப்பும் இந்த வண்டியும் பங்காளிகள். ரோவர் கம்பெனியில் தலைமை என்ஜினியராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு, நாங்கள் குடியிருக்கும் இதே தீவில் பண்ணை இருந்தது. யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு அதிலேயே எல்லாப் பண்ணை வேலையும் பார்த்திருக்கிறார். "இது ஓய்ந்துபோனால் என்ன செய்வாய்?" என்று அண்ணன் ஸ்பென்சர் கேட்டாராம். "இன்னொரு ஜீப்தான் வாங்கணும், வேறு எது இருக்கு?" என்றாராம் தம்பி. அண்ணன்தான் கம்பெனிக்கே மேனேஜிங் டைரக்டர். கேட்டவரும் சொன்னவரும் கார் கம்பெனிக்காரர்களாகவே இருந்தால் பேச்சு அதோடு நிற்குமா? 1947-ல் இங்கே ரெட் வார்ஃப் பே கடற்கரை மணலில் மாரிஸ் கோடு கிழித்துக் காட்டினார் என்று இந்தத் தீவில் எல்லோரும் சொல்கிறார்கள். 1948 ஏப்ரல் 30-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வந்து நின்றுவிட்டது. அன்றைய விலை 450 பவுண்டு. முதல் சோதனை வண்டியை ஜீப்பின் சேஸி மேலேயே கட்டினார்களாம், ஸ்டியரிங்கை நடுவில் வைத்து.

அங்கே நமக்குச் சுதந்திரம் கிடைத்த காலத்தில் அதே வில்லிஸ் ஜீப்பைத்தான் மகிந்திராக்காரர்கள் பம்பாயில் இறக்கிப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஆக, தாத்தா ஒருவர். ஒரு பேரன் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோனான். இன்னொருவன் வேல்ஸ் மழையில் ஆட்டுக்குத் தீவனம் ஏற்றினான். போதாக்குறைக்கு 2008-ல் இந்தக் கம்பெனியை டாடா வாங்கிவிட்டார்கள். "பார்த்தாயா, சுதேசிச் சாமான்தான் வாங்குகிறேன்" என்று உங்கள் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே, "1978-ல செஞ்ச வண்டிக்கு 2008-ல வந்த டாடா என்ன பண்ணுவாரு?" என்றாள். வரலாறு அத்தோடு முடிந்தது.

இனி துரு. யுத்தம் முடிந்த கையோடு இங்கே இரும்புக்கு ரேஷன். அலுமினியத்துக்கு அந்தக் கெடுபிடி இல்லை. அதனால் வண்டியின் மேல் உடம்பை பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் அடித்தார்கள். ஆரம்ப வண்டிகளுக்குப் பூசிய பச்சை பெயிண்ட்கூட ராணுவ விமானங்களுக்கு வாங்கி மிஞ்சியதுதான் என்பார்கள். ரேஷன் போன பிறகும் அலுமினியத்தை அவர்கள் விடவில்லை. சேஸியும், டேஷ்போர்டைத் தாங்கிக் கதவுத் தூணையும் பிடித்து நிற்கிற பல்க்ஹெட்டும் இரும்பு. விளைவு என்னவென்றால், மேலே பார்த்தால் நாற்பது ஐம்பது வருஷ வண்டி என்றே சொல்ல முடியாது. கீழே குனிந்தால் எல்லாம் இத்துப்போயிருக்கும். இந்த வண்டியை நின்றுகொண்டு பார்க்கிறவன் வாங்குவான், படுத்துப் பார்க்கிறவன் யோசிப்பான்.

காரணம் உப்பு. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் வந்து கல் உப்பைத் தூவிவிட்டுப் போகிறார்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் பூமிக்கடியில் பெரிய சுரங்கம் போட்டு வெட்டி எடுக்கிற உப்பு. தூத்துக்குடியில் உப்பளத்தில் வெந்து எடுப்பதை நாம் ரசத்துக்குப் போடுகிறோம். இவர்கள் ரோட்டுக்குப் போட்டு வண்டிக்கு ஊட்டுகிறார்கள். போதாததற்கு நாங்கள் இருப்பது தீவு. கடற்காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். சேஸி என்பது நாலு பக்கமும் தகடு வைத்து வெல்ட் பண்ணிய குழாய். உப்புச்சேறு அதற்குள் புகுந்துவிட்டால் காயாது. துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வெளியே வரும். பெயிண்டில் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கிற மூலைகளில் இன்னொரு கூத்து. உப்புத்தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து, அந்த இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். துருவே பிடிக்காத உலோகம் என்று பெருமையாகச் சொன்னதற்கும் கடைசியில் இந்தக் கதிதான். உங்கள் எம்.எம். 540 ஜீப்புக்கு அடியில் இன்றைக்குத் தட்டினாலும் கிண்ணென்று கேட்கிறதே, அது உங்கள் கைராசி மட்டும் இல்லை. போடி வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு.

போன ஞாயிறு வண்டியைப் பார்க்கப் போனோம். உங்கள் மகளுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி இல்லை. "சும்மா வந்து பாரு, அவ்வளவுதான்" என்று கூட்டிப்போனேன். ஆடு வளர்க்கிற பெரியவர் ஒருவருடைய கொட்டகை. அவருடைய அப்பா புதுசாக வாங்கிய வண்டியாம். வீட்டில் எல்லாம் வெல்ஷ் பேச்சு, நமக்காக ஆங்கிலம். வந்தவுடன் "பானட்" வேண்டுமா என்றார். இந்தப் பக்கத்தில் டீயை அப்படித்தான் சொல்கிறார்கள். டம்ளர் இல்லை, சின்ன வாளி. குடித்து முடிப்பதற்குள் ஆறிவிட்டது.

பெரியவர் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினார். கொஞ்சம் இருமியது, இன்னும் கொஞ்சம் இருமியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. மாமா, அந்தச் சத்தம்! கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, ஆடு ஒன்று எழுந்து வெளியே போனது. நான் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். உங்கள் ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேனே தவிர, ஸ்டியரிங்கை ஒருநாளாவது தொட விட்டிருக்கிறீர்களா? இதில் கால் வட்டம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குத் தகவல் போகிறது. "எல்லாமே இப்படித்தான் இருக்கும்" என்றார் பெரியவர். எனக்கு அது குறையாகவே படவில்லை.

நான் மஞ்சள் குமிழை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் மகள் எங்கள் காரின் டிக்கியைத் திறந்தாள். ஒரு சாக்கு, டார்ச், நீளமான ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல். வீட்டிலிருந்து எப்போது எடுத்து வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆட்டுப்புழுக்கை மேல் சாக்கை விரித்தாள், மல்லாக்கப் படுத்தாள், அடியில் போய்விட்டாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பெரியவர் என்னைப் பார்த்தார். "மெக்கானிக்கா?" என்றார். "நர்ஸ்" என்றேன். "ஓ" என்று தலையாட்டினார், எல்லாம் புரிந்துவிட்டது போல.

அடியிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. முன் பட்டை மாட்டுகிற இடத்தில் டிங், டிங். கியர் பாக்ஸுக்குக் கீழே டிங். வலது பக்கம், பல்க்ஹெட்டைத் தாங்கச் சேஸியிலிருந்து கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அங்கே டொப். "மச்சான், இங்க சத்தம் செத்துப்போச்சு" என்று குரல் வந்தது. அப்புறம் பின் பக்கம் நகர்ந்தாள். டொப், டொப். பிறகு சத்தமே இல்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். இழுவைக் கொக்கி மாட்டுகிற பின் குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் இறங்கியிருந்தது. குத்தவில்லையாம், சும்மா வைத்தாளாம். உள்ளேயிருந்து தேயிலைத்தூள் மாதிரி துரு கொட்டி அவள் முகமெல்லாம் செம்மண். அதற்கு மேலே கெட்டியாகக் கறுப்பு ரப்பர் பூச்சு. நம்ம ஊரில் பட்டி பார்த்து மறைக்கிற அதே வித்தையை இங்கே பிரஷ்ஷில் செய்கிறார்கள்.

எழுந்து வந்தவள் டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினாள். கீழே கொட்டகைத் தரையில் கிடந்த வைக்கோல் தெரிந்தது. "காற்று வரும்" என்றார் பெரியவர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டை ஸ்பிரிங்கைக் காட்டினாள். ஒரு பட்டைக்கும் இன்னொரு பட்டைக்கும் நடுவில் துரு ஏறி எல்லாம் ஒரே பாளமாக இறுகியிருந்தது. ரோட்டில் கல் தட்டினால் ஸ்பிரிங் வாங்காது, முதுகெலும்புதான் வாங்கும். கடைசியில் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை இழுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். "என்ஜின் பரவால்ல" என்றாள். ரொம்ப நேரம் சும்மா நின்றிருந்த பெரியவர், "என் அப்பா இருந்திருந்தால் இந்தப் பெண்ணுக்கு இங்கேயே வேலை போட்டுக் கொடுத்திருப்பார்" என்றார்.

இங்கே நம்ம எஃப்.சி. மாதிரி எம்.ஓ.டி. என்று ஒன்று உண்டு. மூன்று வயசான வண்டிக்கு வருஷா வருஷம். இதில் ஒரு வசதி என்னவென்றால், நம்பரைத் தட்டினால் 2005-லிருந்து அந்த வண்டியை எந்த வருஷம் எதற்காகப் பிடித்தார்கள் என்பது முழுக்க அரசாங்கத் தளத்தில் வந்துவிடும், காசில்லாமல். வண்டி விற்கிறவன் பொய் சொல்ல முடியாது. சொல்லாமல்தான் விட முடியும். நம்ம பெரியவரின் வண்டிக்கு எடுத்துப் படித்தேன். ஒரு வருஷம்: பின் குறுக்குச் சட்டத்தில் லேசான துரு, கவனிக்கவும். அடுத்த வருஷம்: துரு, கவனிக்கவும். அதற்கடுத்து: கவனிக்கவும் இல்லை, ஃபெயில். வெல்டிங், பாஸ். மறுபடி இன்னொரு இடத்தில் கவனிக்கவும். ஸ்பிரிங், சீட் பெல்ட் மாட்டுகிற இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் சேஸி இத்துப்போயிருந்தால் பாஸ் கிடையாது என்று சட்டம். பட்டி வைத்து ஏமாற்ற முடியாது, தகடு வைத்து விடாமல் வெல்ட் பண்ணியிருக்க வேண்டும்.

2018-ஓடு அந்தப் பட்டியல் நின்றுபோகிறது. வண்டி திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த வருஷம் மே மாதத்திலிருந்து, நாற்பது வயசு தாண்டி, பெரிதாக எதையும் மாற்றாத வண்டிக்கு எம்.ஓ.டி. கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். ரோட்டு வரியும் கிடையாது. பெரியவர் அன்றோடு டெஸ்டுக்குப் போவதை விட்டுவிட்டார். நான் இதை லாபக் கணக்கில் எழுதினேன்: வரி இல்லை, எஃப்.சி. இல்லை, பழைய வண்டிக்கு இன்சூரன்ஸும் குறைச்சல். உங்கள் மகள் அதே விஷயத்தை நஷ்டக் கணக்கில் எழுதினாள். டெஸ்ட் இல்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம், நல்லாயிருக்கு என்று அர்த்தம் இல்லையாம். அதுவும் சரிதான். டெஸ்டுக்கு விலக்கு இருந்தாலும் ஓட்ட லாயக்கில்லாத வண்டியை ரோட்டில் கொண்டுபோய்ப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரைக்கும் அபராதம் உண்டு. வண்டி விலைக்கு அது ஒன்றே கிட்டத்தட்டப் போதும்.

அன்றைக்கு ராத்திரி கேஸ் பில் வந்த கவரின் பின்னால் கணக்குப் போட்டாள். இந்தச் சேஸியை ஒட்டுப்போட்டுக்கொண்டே போவது வெட்டி வேலை; துத்தநாகத்தில் முக்கியெடுத்த புதுச் சேஸி தனியாகக் கிடைக்கிறது, அது மூவாயிரத்தைத் தொடும். பல்க்ஹெட்டுக்கு ஆயிரத்துக்கு மேல். வெல்டிங்காரர் மணிக்கு ஐம்பது பவுண்டுக்குக் குறைந்து ஸ்பார்க் விட மாட்டார். ஸ்பிரிங், பிரேக் குழாய், டயர். பெட்ரோல் வேறு. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் வந்தால் கும்பிடு போட வேண்டும். 2021-லிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால். பழைய வண்டியின் ரப்பர் குழாயை அது கடித்துவிடும் என்று ஜாஸ்தி விலைப் பெட்ரோல்தான் போட வேண்டும். கூட்டினால் எட்டாயிரம் தாண்டியது. அந்தப் பணத்துக்கு அடிப்பக்கம் நல்லாயிருக்கிற சீரீஸ் மூன்றே கிடைக்கும், ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வரலாம். ஆனால் எட்டாயிரம் மொத்தமாக நம்மிடம் ஏது? 2,800 இருக்கிறது. துருப்பிடித்த வண்டியை வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்தச் சந்தில்தான் மாட்டுகிறார்கள். விலை குறைவு என்று வாங்குவதில்லை, தவணையில் கட்டலாமே என்று வாங்குகிறார்கள்.

எங்கள் தெருக்கோடியில் ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் இதைவிடப் பழைய, நீளமான 109 இன்ச் வண்டி. கட்டை மேல் ஏற்றி வைத்திருக்கிறார். பேரன் பிறப்பதற்கு முன்னால் கழற்றினாராம்; பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். என்ஜின் ஒரு மூலையில், கதவெல்லாம் சுவரில். "எப்ப சார் ரோட்டுக்கு வரும்?" என்று கேட்டால் அவருக்கு வருத்தமாகிவிடுகிறது. என்னிடம் அவர் சொன்ன ஒரே புத்தி: என்ஜினைப் பார்த்து மயங்காதே, கியர் பாக்ஸைப் பார்த்துப் பயப்படாதே, இரண்டும் நட்டு போல்ட்டு, துருவைப் பார்த்து விலை பேசு. நியாயமான பேச்சு. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவரே என் கையைப் பிடித்து, "அந்த வண்டியை விட்டுவிடாதே" என்றார். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

யோசித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது மாமா. அங்கே உங்கள் ஜீப் ஒருநாள் நின்றால் மெட்டு ஏறிப் போகிற அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போகும். அதனால் எது உடைந்தாலும் ராத்திரியோடு சரி பண்ணி விடியற்காலை நாலரைக்கு ஸ்டாண்டில் நிறுத்திவிடுவீர்கள். இங்கே வண்டி நின்றால்தான் ஆளுக்குச் சந்தோஷமே ஆரம்பிக்கிறது. சனிக்கிழமை கழற்ற ஒரு சாமான் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை ஆபீஸில் அதைப் பற்றிப் பேச வேண்டும். 2,800 பவுண்டு கொடுத்து இவர்கள் வாங்குவது வண்டி இல்லை, வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கையில் அழுக்கே படாமல் சம்பளம் வாங்குகிற எனக்கும் அதே வியாதி தொற்றிவிட்டது போலிருக்கிறது. உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பட்ட அழுக்கை நான் காசு கொடுத்துப் பூசிக்கொள்ளப் பார்க்கிறேன்.

கடைசி அஸ்திரமாக டார்ஜீலிங் கதையை எடுத்துவிட்டேன். அங்கே மானேபஞ்சாங் என்ற ஊரிலிருந்து சந்தக்பூ மலைக்கு 1950-களில் செய்த லேண்ட் ரோவர்கள் இன்னும் சவாரி ஏற்றிப் போகின்றன. பலவற்றில் மகிந்திரா டீசல் என்ஜினைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த வண்டிக்குச் சாவே கிடையாது என்றேன். "அவுங்க அந்த வண்டியில சோறு திங்கிறாங்க மச்சான். நீங்க அதுல எங்க போகப்போறீங்க?" என்றாள். யோசித்தேன். பால் வாங்கக் கடைக்கு. கடை நடந்து போகிற தூரம்.

அவள் வேண்டாம் என்பதற்குக் கணக்கு மட்டும் காரணம் இல்லை. சாப்பிடும்போது சொன்னாள்: "பத்து வயசு வரைக்கும் எங்கப்பா மூஞ்சியே எனக்குச் சரியாத் தெரியாது. ஞாயித்துக்கிழமையானா காலு மட்டுந்தான் தெரியும், ஜீப்புக்கு அடியில இருந்து. 'பதிமூணு எடு, பதினேழு எடு'ன்னு சத்தம் வரும். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே வளந்தேன். கல்யாணம் பண்ணி இவ்வளவு தூரம் வந்து மறுபடியும் ஒரு காலைப் பாத்துக்கிட்டு ஒக்காரணுமா?" எனக்குப் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

சரி, கதை முடிந்தது என்றுதான் படுத்தேன். மறுநாள் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெரியவருக்குப் போன் போட்டாள். ஆயிரத்து ஐந்நூறு என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. இரண்டாயிரம் என்றார். "எங்கப்பா வந்து பார்த்துட்டுச் சொல்லுவார்" என்றாள் ஆங்கிலத்தில். "உங்கள் அப்பா என்ன செய்கிறார்?" என்று அவர் கேட்டிருக்கிறார். முப்பது வருஷமாக மலையில் ஜீப் ஓட்டுகிறார், இதுவரை ஒரு வண்டியையும் மெக்கானிக்கிடம் விட்டதில்லை என்று சொல்லியிருக்கிறாள். மார்ச், ஏப்ரல் முழுக்க ஆடு குட்டி போடுகிற காலம், தனக்குத் தூங்கவே நேரம் இருக்காது, மே மாதம் வரைக்கும் வண்டி அங்கேயே நிற்கும், வேறு எங்கும் போக அதனாலும் முடியாது என்று பெரியவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

மாமா, இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். எத்தனை தடவை அவள் உங்களைக் கூப்பிட்டிருப்பாள்? "அங்க வந்து ரூமுக்குள்ள டிவி பாத்துக்கிட்டு ஒக்காரவா?" என்று ஒவ்வொரு தடவையும் நீங்கள் தட்டிக்கழித்தீர்கள். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வரைக்கும் தங்கலாம் என்று சொன்னபோது, ஆறு நாளைக்கு மேல் அங்கே என்ன வேலை என்றீர்கள். இப்போது வேலை பெரியவர் கொட்டகையில் தயாராக நிற்கிறது. அடியில் படுத்தால் ஆறு மாதமும் பத்தாது. கால் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, அது உங்கள் காலாக இருந்தால் சரி என்று அவள் நினைக்கிறாள் போலிருக்கிறது. என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. வண்டி வாங்குவதைப் பற்றி இன்னும் முடிவு பண்ணவில்லை என்றுதான் சொல்கிறாள். ஆனால் உங்கள் பாஸ்போர்ட் எந்த வருஷம் முடிகிறது என்று நேற்று அத்தையிடம் கேட்டிருக்கிறாள்.

ஆகவே, விண்ணப்பம் இதுதான். மே மாதம் அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தட்டிப் பார்த்து வேண்டாம் என்றால் வேண்டாம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். வேண்டும் என்றால் முதல்நாள் ஸ்டியரிங் எனக்கு. மே மாதமும் இங்கே குளிரத்தான் செய்யும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுத்தியலை விட்டு வர மாட்டீர்கள் என்று தெரியும். கைப்பையில் வைத்தால் மதுரை ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். ஸ்பானர் செட்டைத் தூக்க வேண்டாம். உங்களுடையது மில்லிமீட்டர் அளவு. இந்த வண்டியில் பெரும்பாலும் இன்ச் அளவு நட்டு, பதிமூன்றும் பதினேழும் இதில் சரியாக உட்காராது. இன்ச் செட் ஒன்று ஏற்கெனவே வாங்கி மாடிக்கு மேலே பரணில் போர்வைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மகளோடு போனில் பேசும்போது அதை மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்